உருகாத கைப்பிடியும் வளைகிற கேஸ்கெட்டும்

பிளாஸ்டிக் வாளியில் விரிசல் விட்டால் இரும்புக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி வைத்து, உருக்கி ஒட்டிவிடலாம். குக்கர் கைப்பிடியில் அது நடக்காது. கம்பியை வைத்தால் உருகாமல் கருகும், மூக்கைத் துளைக்கும் நெடி வரும். உடைந்தால் புதிதுதான் வாங்க வேண்டும்.

வாளிக்குள் இருப்பவை நீளநீளமான மூலக்கூறுச் சங்கிலிகள். குவித்துப் போட்ட நூல்போல ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. முடிச்சு மட்டும் கிடையாது. சூடு ஏறினால் வழுக்கி நகரும். அதுதான் உருகுவது. அந்த நூல்களுக்கு நடுவே வேதிப் பிணைப்பால் முடிச்சுப் போட்டால் வலை ஆகிவிடும். இதையே குறுக்குப் பிணைப்பு என்கிறோம். வலையில் எந்த நூலும் தனியாக நழுவ முடியாது.

சரி, எத்தனை முடிச்சு? எல்லாமே அதில்தான் இருக்கிறது. பதப்படுத்தாத பச்சை ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். 1839இல் சார்லஸ் குட்இயர் அதைக் கந்தகத்தோடு சூடாக்கி இந்தக் குறையைத் தீர்த்தார். நூறு பங்கு ரப்பருக்கு இரண்டு மூன்று பங்கு கந்தகம் போட்டால் முடிச்சுகள் தள்ளித்தள்ளி விழும். இழுத்தால் இடையிலுள்ள நூல் நீளும், விட்டால் முடிச்சு பழைய இடத்துக்கே இழுத்து வந்துவிடும். முப்பது பங்குக்கு மேல் போனால் அதே ரப்பர் எபோனைட் ஆகிறது. பழைய மைப்பேனாக்களின் உடல் அதுதான். கடைசல் பிடிக்கலாம், இழுக்க முடியாது.

முடிச்சு கூடக்கூடக் கடினம் ஏறும், நீட்சி குறையும். ஆனால் கிழியாமல் தாங்கும் வலிமை ஓர் அளவுவரைதான் ஏறும், அப்புறம் இறங்கிவிடும். விசையை வாங்கிக்கொண்டு நகர நூலுக்கு இடமில்லாததால் ஒரே இடத்தில் அழுத்தம் குவிந்து விரிசல் ஓடுகிறது.

குக்கர் கைப்பிடி பேக்கலைட் வகை. 1907இல் லியோ பேக்லேண்ட் ஃபீனால், ஃபார்மால்டிஹைடு என்ற இரண்டு வேதிப்பொருள்களைச் சேர்த்து உருவாக்கியது. அச்சில் சூட்டோடு அழுத்தும்போது முடிச்சுகள் நெருக்கமாக விழுகின்றன. கைப்பிடி முழுவதும் ஏறக்குறைய ஒரே மூலக்கூறு என்றே சொல்லலாம். எனக்கு இன்னும் வியப்பு தரும் விஷயம் இது. அடுப்பின் சூட்டைத் தாங்குவதும் தரையில் விழுந்தால் படக்கென்று உடைவதும் அந்த நெருக்கத்தால்தான்.

மூடிக்குள் இருக்கும் ரப்பர் வளையமான கேஸ்கெட்டும் வலைதான், கண்கள் அகலமான வலை. ஆனால் நைட்ரைல் போன்ற ரப்பரில் தினமும் ஏறும் சூடும் காற்றின் ஆக்சிஜனும் சேர்ந்து புதுப்புது முடிச்சுகளைப் போட்டுக்கொண்டே இருக்கும். பழைய கேஸ்கெட்டைக் கழற்றி மடக்கிப் பாருங்கள்: விறைத்து நிற்கும், மடிப்பில் மெல்லிய வெடிப்புகள் தெரியும். விசில் வராமல் ஓரத்தில் நீராவி கசியத் தொடங்குவது அப்போதுதான்.