மன உளைச்சலுக்கு ஒரு வெப்பமானி

"எப்படி இருக்கிறீர்கள்?" என்று டாக்டர் கேட்டால் "பரவாயில்லை டாக்டர்" என்று சொல்லிவிடுவதே பெரும்பாலான நோயாளிகளின் வழக்கம். வெளியே இன்னும் பலர் காத்திருக்கிறார்கள். டாக்டரின் முகத்தில் அவசரம் தெரிகிறது. அந்த நேரத்தில் போய், ராத்திரி தூக்கமே இல்லை, பிள்ளைகளிடம் என்ன சொல்வதென்று புரியவில்லை என்றெல்லாம் ஆரம்பிக்க யாருக்கு மனம் வரும்? கீமோதெரபி மருந்தை மில்லிகிராம் கணக்கில் அளந்து ஏற்றும் மருத்துவமனைகள், நோயாளியின் மனநிலையை வெகுகாலம் இந்தப் 'பரவாயில்லை'யை வைத்தே கணித்துவந்தன.

அமெரிக்காவில் அதற்கும் முன்னால் இன்னொரு மௌனம் இருந்தது. 1961இல் வெளியான ஒரு கணக்கெடுப்பில், 90 சதவீத டாக்டர்கள் நோயாளியிடம் புற்றுநோய் என்று சொல்லாமல் இருப்பதையே விரும்பினார்கள். 1979இல் அது தலைகீழாகி, 97 சதவீதம் பேர் சொல்லிவிடுவதே சரி என்றார்கள். ("அப்பாவுக்கு மட்டும் தெரிய வேண்டாம் டாக்டர்" என்று வராந்தாவில் கெஞ்சும் மகன்கள் நம் ஊரில் இன்றும் உண்டு.) சொன்ன பிறகு, கேட்டவர் என்ன பாடுபடுகிறார் என்று பார்க்கவும் ஆள் வேண்டுமே. நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையில் 1977 முதல் அந்த வேலையை ஒரு தனித் துறையாகவே வளர்த்தவர் மனநல மருத்துவர் ஜிம்மி ஹாலண்ட்.

அவர் குழு கையாண்ட உத்தி எளிது. வலியை 0 முதல் 10 வரை எண்ணாகச் சொல்லச் சொல்கிறோம். மன உளைச்சலையும் அப்படியே கேட்டால் என்ன? புரோஸ்டேட் புற்றுநோய் வந்த ஆண்களிடம் அதைச் சோதித்து 1998இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு தாளில் வெப்பமானிப் படம். அடியில் 0, உச்சியில் 10. இன்றையும் சேர்த்துக் கடந்த ஒரு வாரத்தில் எவ்வளவு உளைச்சல் என்று ஓர் எண்ணை வட்டமிட வேண்டும், அவ்வளவுதான். 4 அல்லது அதற்கு மேல் என்றால் யாராவது உட்கார்ந்து பேசியாக வேண்டும் என்பது இன்று பரவலாக உள்ள விதி.

படம் கண்ணைக் கவர்கிறது. என் பார்வையில் முக்கியமானது அதன் பக்கத்தில் இருக்கும் பட்டியல். பணம், போக்குவரத்து, வேலை, குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது, துணையோடு உள்ள உறவு, பயம், சோகம், இறைநம்பிக்கை, தூக்கம், வாய்ப்புண், மலச்சிக்கல், விரல்களில் மரமரப்பு என்று ஒவ்வொன்றுக்கும் 'ஆம்', 'இல்லை' குறிக்க வேண்டும். இரண்டு பேர் 7ஐ வட்டமிடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் 'போக்குவரத்து', 'பணம்' இரண்டுக்கும் ஆம் போட்டிருக்கிறார். அவருக்கு மனநல மருத்துவரைவிட சமூகப் பணியாளர்தான் அவசரம். மற்றவர் 'தூக்கம்', 'படபடப்பு' என்று குறித்திருக்கிறார். விசாரித்தால், குமட்டலைத் தடுக்கத் தரும் டெக்ஸாமெத்தசோன் மாத்திரையை ராத்திரியில் விழுங்கிக்கொண்டிருப்பது தெரியவரலாம். தூக்கத்தைக் கெடுப்பது அந்த ஸ்டீராய்டின் இயல்பு. டாக்டர் வேளையைக் காலைக்கு மாற்றிக்கொடுத்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

எண்ணை மட்டும் பார்த்து 'மனச்சோர்வு நோய்' என்று முடிவுகட்டவும் கூடாது. பசியின்மை, களைப்பு, தூக்கக் கேடு, எடை குறைவது ஆகியவை மனச்சோர்வின் அடையாளங்கள். புற்றுநோயும் அதன் சிகிச்சையும் தருபவையும் இவையே. அதனால்தான் 1983இல் மருத்துவமனை நோயாளிகளுக்கென்று உருவாக்கிய 14 கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோலில் உடல் அறிகுறிகளைப் பெரும்பாலும் விட்டுவிட்டு, முன்பு ரசித்தவற்றை இப்போதும் ரசிக்க முடிகிறதா என்பது போன்றவற்றைக் கேட்டார்கள். மருந்து கொடுப்பதிலும் கவனம் தேவை. மார்பகப் புற்றுநோய்க்கான டமாக்சிஃபென், கல்லீரலில் ஒரு நொதியின் உதவியால்தான் முழு வீரியமுள்ள பொருளாக மாறுகிறது. மனச்சோர்வுக்குத் தரும் பராக்ஸெட்டின் அந்த நொதியையே தடுத்துவிடும். எனவே வேறு மாத்திரையைத் தேர்ந்தெடுப்பார்கள்.

சரி, கண்டுபிடித்துவிட்டால் போதுமா? ஸ்காட்லாந்தில் புற்றுநோய் மையங்களுக்கு வந்தவர்களைச் சலித்துப் பார்த்தபோது, தீவிர மனச்சோர்வு இருந்தவர்களில் 73 சதவீதம் பேருக்கு அதற்கான உருப்படியான சிகிச்சை எதுவும் கிடைத்திருக்கவில்லை. அடுத்து 500 நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவில், இவருக்கு மனச்சோர்வு இருக்கிறது என்று அவரவர் டாக்டர்களுக்குத் தகவல் கொடுத்து, வழக்கமான கவனிப்புக்கு விட்டுவிட்டார்கள். மறு பிரிவில், பயிற்சி பெற்ற புற்றுநோய்ச் செவிலியர்கள் நோயாளியோடு தொடர்ந்து பேசினார்கள், சிக்கல்களை ஒவ்வொன்றாகத் தீர்க்கப் பழக்கினார்கள். மனநல மருத்துவர்கள் வழிகாட்டினார்கள், மருந்து தேவைப்பட்டவர்களுக்கு அதை ஒழுங்காகச் சரிசெய்தார்கள். 24 வாரங்கள் கழித்து நல்ல முன்னேற்றம் கண்டவர்கள் முதல் பிரிவில் 17 சதவீதம், இரண்டாவதில் 62 சதவீதம். 2014இல் வெளியான இந்த முடிவைப் படித்த பிறகும், தாளை நிரப்பி வாங்கிக் கோப்பில் செருகிவைப்பதைச் சேவை என்று அழைப்பது எனக்கு வேடிக்கையாகவே படுகிறது.

எப்போது கேட்பது என்பதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. கண்டுபிடித்த அன்று எல்லோரும் சூழ்ந்துகொள்கிறார்கள். சிகிச்சை முடிந்ததும் "எல்லாம் சரியாகிவிட்டது" என்று வீடு நிம்மதியாகிறது. மருத்துவமனைக்குப் போவதும் குறைகிறது. நோய் திரும்ப வந்துவிடுமோ என்ற பயம் பலரிடம் தலைதூக்குவது அப்போதுதான். குணமடைந்தவர்களிடம் இன்னும் என்ன உதவி வேண்டும் என்று கேட்ட ஆய்வுகளில் இந்தப் பயம் அடிக்கடி முதல் வரிசைக்கு வருகிறது. முதுகு கொஞ்சம் வலித்தாலும் மனம் அங்கே போய்விடும்; ஸ்கேன் தேதி நெருங்க நெருங்கத் தூக்கம் போகும். ஆகவே வெப்பமானித் தாளை முதல் நாளோடு நிறுத்தாமல், சிகிச்சை முடியும்போதும், அதற்குப் பிந்தைய பரிசோதனைகளின்போதும் மறுபடி நீட்டச் சொல்கிறார்கள்.