இணைப்பைத் திறக்குமுன் அதன் வாலைப் பாருங்கள்

2000-ம் ஆண்டு மே மாதம் உலகெங்கும் பரவிய 'ஐ லவ் யூ' வைரஸ், மின்னஞ்சலில் வெறும் டெக்ஸ்ட் கோப்பு போலத்தான் வந்தது. முழுப் பெயர் 'லவ்-லெட்டர்-ஃபார்-யூ.டிஎக்ஸ்டி.விபிஎஸ்'. கடைசி 'விபிஎஸ்'தான் அது ஒரு நிரல் என்பதற்கான அடையாளம். அதை விண்டோஸ் மறைத்துவிட்டதால் 'டிஎக்ஸ்டி' மட்டுமே கண்ணில் பட்டது. கால் நூற்றாண்டு கழிந்தும் விண்டோஸ் கோப்புப் பெயரின் அந்த வாலை ('எக்ஸ்டென்ஷன்') மறைத்தே வைத்திருக்கிறது. நாம்தான் மாற்ற வேண்டும்.

விண்டோஸ் 11-ல் ஃபைல் எக்ஸ்ப்ளோரரைத் திறந்து 'வியூ', அதில் 'ஷோ', அதில் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதை டிக் செய்யுங்கள். விண்டோஸ் 10-ல் 'வியூ' டேபிலேயே அந்தப் பெட்டி இருக்கும். இனி 'இன்வாய்ஸ்.பிடிஎஃப்' என்று தெரிந்த கோப்பு 'இன்வாய்ஸ்.பிடிஎஃப்.இஎக்ஸ்இ' என்று தன் சுயரூபத்தைக் காட்டும். ஐகானை நம்பவே வேண்டாம். எந்த நிரலுக்கும் பிடிஎஃப் ஐகானை மாட்டிவிடலாம். இஎக்ஸ்இ, எஸ்சிஆர், ஜேஎஸ், விபிஎஸ், ஹெச்டிஏ, பேட் ஆகியவற்றில் எதுவுமே பில்லாகவோ கடிதமாகவோ இருக்க முடியாது.

இதிலும் ஓர் ஓட்டை உண்டு. ஷார்ட்கட் கோப்புகளின் 'எல்என்கே' என்ற வால், மேற்சொன்ன டிக்கைப் போட்ட பிறகும் தெரியாது. பட்டியலை 'டீடெய்ல்ஸ்' வடிவில் வைத்து 'டைப்' பத்தியைப் பாருங்கள். மெயிலில் வந்த ஆவணத்துக்கு நேரே 'ஷார்ட்கட்' என்றிருந்தால் சந்தேகமே வேண்டாம், அழித்துவிடலாம்.

வேர்டு, எக்செல் கோப்புகளில் வரும் ஆபத்து மேக்ரோ, அதாவது கோப்புக்குள்ளேயே பதித்து வைத்த குட்டி நிரல். இணையத்திலிருந்து வந்த கோப்புகளில் மேக்ரோ ஓடுவதை மைக்ரோசாஃப்ட் 2022-ல் தடுக்கத் தொடங்கியது. எனவே இப்போது மோசடிக்காரர்கள் அந்தத் தடையை நம் கையாலேயே நீக்க வைக்கிறார்கள். 'கோப்பின் பிராப்பர்ட்டீஸுக்குப் போய் அன்பிளாக் டிக் செய்யவும்' என்றோ, 'எனேபிள் கன்டென்ட் அழுத்தினால்தான் ஆவணம் தெரியும்' என்றோ எழுதியிருக்கும். ஒரு விலைப்பட்டியலைப் படிக்க இது எதுவுமே தேவைப்படாது.

பாஸ்வேர்டு போட்ட ஜிப், அந்த பாஸ்வேர்டும் அதே மெயிலில். பூட்டிய வீட்டின் சாவியைக் கதவிலேயே தொங்கவிடுவானேன்? மெயில் சர்வரின் ஸ்கேனர் உள்ளே பார்க்க முடியாமல் போகட்டும் என்பதற்குத்தான். தெரிந்தவர் பெயரில், பழைய உரையாடலுக்கே பதிலாக வந்தாலும் இது பொருந்தும். எமோடெட் என்ற வைரஸ் திருடிய மெயில்களுக்குப் பதில் எழுதியே பரவியது. அனுப்பியவரிடம் ஃபோனில் கேளுங்கள். அந்த மெயிலுக்கே 'ரிப்ளை' போட்டுக் கேட்டால், கணக்கைக் கைப்பற்றியவனே 'ஆமாம், நான்தான்' என்பான்.

சந்தேகக் கோப்பை வைரஸ்டோட்டல் தளத்தில் ஏற்றிச் சோதிக்கலாம். ஆனால் அங்கே ஏற்றுவது பிறர் பார்வைக்கும் போகும். சம்பளப் பட்டியலையோ ஒப்பந்தத்தையோ ஏற்றிவிடாதீர்கள்.

திறந்தே விட்டீர்களா? உடனே வைஃபையை அணையுங்கள், கேபிளைப் பிடுங்குங்கள். பேக்கப் ஹார்டு டிஸ்க்கை அந்தக் கணினியில் செருகவே கூடாது. கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரேன்சம்வேராக இருந்தால் அதிலுள்ள கோப்புகளையும் பூட்டிவிடும். பாஸ்வேர்டுகளை வேறொரு கருவியிலிருந்து மாற்றுங்கள், முதலில் மின்னஞ்சலுக்கு. எல்லாக் கருவிகளிலிருந்தும் 'சைன் அவுட்' செய்யும் வசதியையும் கையோடு பயன்படுத்துங்கள். நீங்கள் ஏற்கெனவே உள்ளே நுழைந்தவர் என்று தளத்துக்குச் சொல்லும் லாகின் குக்கீ பிரவுசரிலிருந்து திருடப்பட்டிருந்தால், பாஸ்வேர்டே தெரியாமலும் உள்ளே நுழைய முடியும்.