ரேடாரில் தெரியும் உயரம் உங்கள் விமானம் சொன்னதுதான்

"ஆல்டிமீட்டரில் (உயரம் காட்டும் கருவியில்) சந்தேகம் வந்தால் கன்ட்ரோலரிடம் (தரையிலிருந்து விமானங்களை வழிநடத்துபவரிடம்) கேட்டுக்கொள்வேன்" என்று சிறு விமானம் ஓட்டுபவர்கள் பலர் எங்கள் பட்டறையில் சொல்வார்கள். ஆனால் விமானப் போக்குவரத்துக்கான ரேடார் உயரத்தை அளப்பதில்லை. திசையும் தூரமும்தான் அதற்குத் தெரியும். உயரத்தை அது கேட்கும், விமானத்திலுள்ள டிரான்ஸ்பாண்டர் என்ற ரேடியோ கருவி பதில் சொல்லும். கன்ட்ரோலர் படித்துக் காட்டுவது அந்தப் பதிலைத்தான்.

1996 அக்டோபர் 2 அன்று லிமாவிலிருந்து கிளம்பிய ஏரோபெரு 603 விமானத்தில் நடந்தது இதுதான். உயரத்தைக் கணக்கிட வெளிக்காற்றின் அழுத்தத்தைக் கருவிகளுக்குக் கொண்டுபோகும் ஸ்டாடிக் துளைகள்மேல், கழுவும்போது ஒட்டிய டேப்பை யாரும் எடுக்கவில்லை. கருவிகள் குழம்பியதும் விமானிகள் கன்ட்ரோலரிடம் உயரம் கேட்டார்கள். 9,700 அடி என்று வந்தது, அவர்களுடைய தவறான எண்ணே திரும்பி வந்தது. விமானம் கடலில் விழுந்து 70 பேரும் இறந்தார்கள்.

அது போயிங் 757. செஸ்னா 172 போன்ற சிறு விமானங்களில் அமைப்பு வேறு, ஆபத்து அதேதான். பழைய விமானங்களில் பெரும்பாலும் பேனலுக்குப் பின்னால் என்கோடர் என்ற சிறு பெட்டி இருக்கும்; டிரான்ஸ்பாண்டருக்கு உயரத்தைக் கொடுப்பது அதுதான். முள்ளோ திரையோ கிடையாது. ஆல்டிமீட்டருக்குப் போகும் அதே ஸ்டாடிக் குழாய்தான் இதற்கும். குழாய் அடைத்தால் இரண்டும் சேர்ந்தே பொய் சொல்லும். என்கோடர் மட்டும் கெட்டால் ஆல்டிமீட்டர் சரியாகக் காட்டும், வெளியே போகும் எண் தப்பாகப் போகும், உங்களுக்குத் தெரியாது. அந்த எண்ணை நம்பித்தான் பெரிய விமானங்களின் மோதல் தடுப்புக் கருவியும் "ஏறு, இறங்கு" என்று சொல்கிறது.

என்கோடர் எப்போதும் கடல் மட்டத்துக்கான நிலையான காற்றழுத்தமான 1013.25 ஹெக்டோபாஸ்கலை வைத்தே கணக்கிடும். ஆல்டிமீட்டரில் உள்ளூர் அழுத்தத்தை வைக்கும் குமிழை எப்படித் திருப்பினாலும் அது அனுப்பும் எண் மாறாது. உள்ளூர் அழுத்தத்துக்கான திருத்தத்தைக் கன்ட்ரோலரின் கணினி போட்டுக்கொள்ளும். "குமிழைத் திருப்பிச் சரிசெய்துவிட்டேன்" என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும். டிரான்ஸ்பாண்டரில் உயரம் காட்டும் திரை இருந்தால், தரையில் ஆல்டிமீட்டரை 1013-இல் வைத்து இரண்டையும் ஒப்பிடுங்கள். சூடேற நேரம் எடுக்கும் என்கோடர்களும் உண்டு, அதனால் சில நிமிடம் பொறுத்துப் பாருங்கள்.

அமெரிக்க விதிப்படி டிரான்ஸ்பாண்டருக்கு 24 மாதத்துக்கு ஒருமுறை சோதனை உண்டு. நடுவில் வரும் பழுதுகளில் தொல்லை பிடித்தது கம்பிப் பழுது. பழைய என்கோடர்கள் உயரத்தைப் பல கம்பிகளில் குறியீடாக அனுப்பும். அதில் ஒன்று அறுந்தால் சில உயரங்களில் மட்டும் எண் தாவும், மற்ற இடங்களில் ஒழுங்காக இருக்கும். தரையில் பார்த்தால் எல்லாம் சரியாகவே தெரியும்.

ஆகவே கன்ட்ரோலர் "உயரம் பொருந்தவில்லை, உயரம் அனுப்புவதை நிறுத்துங்கள்" என்றால் நிறுத்திவிட்டு, அப்போது ஆல்டிமீட்டர் காட்டிய உயரம், அதில் வைத்திருந்த அழுத்தம், அவர் சொன்ன எண் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். "உயரம் தப்பாகப் போகுதாம்" என்று மட்டும் எழுதிய சீட்டோடு வரும் விமானத்தில் ஒவ்வொரு கம்பியாகத் தேட வேண்டும். அந்த மூன்று எண்ணும் இருந்தால் எந்தக் கம்பி என்பதைப் பேனலைக் கழற்றுமுன்பே ஓரளவு ஊகித்துவிடலாம்.