இதயத்தில் சத்தம் என்றதும் பிள்ளையைக் கட்டிப்போடாதீர்கள்

லூயி மால் 1971-இல் எடுத்த ‘மர்மர் ஆஃப் த ஹார்ட்’ (இதயச் சத்தம்) என்ற பிரெஞ்சுப் படத்தைப் பற்றி யார் பேசினாலும், பேச்சு கடைசியில் ஒரே ஓர் இரவில்தான் போய் நிற்கும். பதினான்கு வயது மகனும் தாயும் எல்லை மீறுகிற இரவு அது. குழந்தைகள் இதய மருத்துவரான எனக்கு, அந்த இரவுக்கு வெகு முன்பே படம் கலக்கம் தரத் தொடங்கிவிடுகிறது.

1954-ஆம் ஆண்டு, டிஜோன் நகரம். வியட்நாமின் தியன் பியன் பூவில் பிரெஞ்சுப் படை தோற்றுக்கொண்டிருக்கிற நேரம். மகப்பேறு மருத்துவர் ஒருவரின் கடைசி மகன் லோரான். ஜாஸ் இசைத்தட்டுகளும் எழுத்தாளர் கம்யூவின் நூல்களும் அவனது உலகம். இரண்டு அண்ணன்களோடு சேர்ந்தால் வீடு தாங்காது. சாரணர் முகாமில் அவனுக்கு, தொண்டை வலியோடு உடல் சிவந்து தடிக்கும் ஸ்கார்லெட் காய்ச்சல் வருகிறது. அதையடுத்து இதயத்தில் சத்தம் இருப்பதாகக் கண்டுபிடிக்கிறார்கள். பள்ளி நிற்கிறது, விளையாட்டு நிற்கிறது. மருத்துவக் குளியலுக்குப் பெயர்போன ஊருக்குத் தாயோடு அனுப்பப்படுகிறான். விடுதியில் ஏற்பட்ட குளறுபடியால் இருவருக்கும் ஒரே அறை.

இதயச் சத்தம், தாயோடு போன பயணம், ஒரே அறை ஆகிய மூன்றும் மாலின் சொந்த இளமையில் நடந்தவை. எல்லை மீறல் மட்டும் கற்பனை என்று அவரே சொல்லியிருக்கிறார். படத்தில் அதன்பின் தாய், இது நமக்குள் ரகசியமாக இருக்கட்டும் என்கிறாள். முடிவில் குடும்பமே கூடிச் சிரிக்கிறது. திரைக்கதைக்கு ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது, நடிப்பும் அருமைதான். ஆனாலும் அந்தச் சிரிப்பில் என்னால் சேர்ந்துகொள்ள முடியவில்லை. ‘நமக்குள் இருக்கட்டும்’ என்று பெரியவர் ஒருவர் பிள்ளையிடம் சொல்வதை நாங்கள் வேறு விதமாகக் கேட்கப் பழகியவர்கள். நம் நாட்டில், பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012-இன் போக்சோ சட்டம் பதினெட்டு வயதுக்கு உட்பட்ட ஆண் பிள்ளைகளையும் காக்கிறது. செய்தவர் தாயே ஆனாலும் குற்றம் குற்றம்தான். இப்படி ஒன்று தெரியவந்தால் காவல் துறைக்குத் தெரிவிக்க வேண்டிய கடமை மருத்துவருக்கு உண்டு.

இனி அந்தச் சத்தத்துக்கு வருகிறேன். ரத்தம் ஓடும்போது எழும் இரைச்சல்தான் அது. அதுவே ஒரு நோய் அல்ல. வளரும் பருவத்தில் ஏறக்குறைய பாதிப் பிள்ளைகளிடமாவது எப்போதாவது இதைக் கேட்க முடியும். காய்ச்சலோ ரத்தசோகையோ இருந்தால் கூடுதலாகக் கேட்கும். ஜார்ஜ் ஸ்டில் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1909-லேயே இப்படிப்பட்ட தீங்கற்ற சத்தம் ஒன்றை விவரித்துவிட்டார். அனுபவமுள்ள காதுக்கு ஸ்டெதாஸ்கோப்பே பெரும்பாலும் போதும். ஐயம் இருந்தால் எக்கோ, அதாவது இதயத்துக்கான அல்ட்ராசவுண்ட் ஸ்கேன், எடுத்துப் பார்க்கிறோம்.

லோரானின் கதை கொஞ்சம் வேறு. ஸ்கார்லெட் காய்ச்சலை உண்டாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி தொண்டையைத் தாக்கிய இரண்டு மூன்று வாரங்கள் கழித்து, சில பிள்ளைகளுக்கு ருமாட்டிக் காய்ச்சல் வரலாம். முழங்கால் வீங்கி வலிக்கும். அது ஆறுவதற்குள் கணுக்காலுக்குத் தாவும். மூட்டு வலி போய்விடும், இதய வால்வின் சேதம் தங்கிவிடும். பிரான்சில் இது இன்று அரிது. நம் ஊரில் இன்னும் அப்படிச் சொல்ல முடியாது. இதைத் தடுப்பது, படத்தின் மருத்துவக் குளியல் ஊரில் வருவதுபோலத் தண்ணீரைப் பீய்ச்சியடிக்கும் சிகிச்சை அல்ல, பென்சிலின். தொண்டை வலி தொடங்கி ஒன்பது நாட்களுக்குள் சரியான மருந்து கொடுத்தால் ருமாட்டிக் காய்ச்சலைத் தவிர்த்துவிடலாம். ஒருமுறை வந்துவிட்டால் மூன்று அல்லது நான்கு வாரங்களுக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி, பல ஆண்டுகளுக்கு. வலிக்கிறது என்று இடையில் நிறுத்திவிட்டு, மூச்சிரைப்போடு திரும்பி வருபவர்கள் உண்டு.

இதற்கு நேர்மாறான கூட்டத்தைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். எக்கோவில் ஒன்றுமில்லை என்று எழுதிக் கொடுத்த பிறகும் ‘ஹார்ட் பிரச்சினை உள்ள பையன்’ என்ற பெயர் போவதில்லை. விளையாட்டு வகுப்பில் ஓரமாக உட்கார்த்தி வைக்கிறார்கள். சுற்றுலாவுக்கு அனுப்புவதில்லை. பெண் பிள்ளையாக இருந்தால், கல்யாணத்துக்குத் தெரிந்துவிடக் கூடாது என்று பழைய சீட்டுகளை ஒளித்து வைக்கிறார்கள்! இது நம் ஊர் வியாதி மட்டுமல்ல. பெர்க்மன், ஸ்டாம் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் 1967-இல் சியாட்டில் பள்ளிப் பிள்ளைகளை ஆராய்ந்து, உண்மையான இதய நோயைவிட இல்லாத இதய நோயே அதிகப் பிள்ளைகளை முடக்கிவைத்திருப்பதாக எழுதினார்கள்.

பால் குடிக்கையில் வியர்த்துக் களைக்கும் குழந்தை, எடை ஏறாத குழந்தை, உதடு நீலமாகும் குழந்தை, ஓடும்போது மயங்கி விழும் பிள்ளை, மூட்டு மாறி மூட்டு வீங்கும் பிள்ளை: இவர்களை உடனே அழைத்து வாருங்கள். மற்றவர்கள் விஷயத்தில் மருத்துவரிடம் மூன்றே கேள்விகள் கேளுங்கள். இது தீங்கற்ற சத்தமா? மறுபடி பார்க்க வேண்டுமா? ஓடி விளையாடலாமா? மூன்றாவதற்கான பதிலை மட்டும் எழுத்தில் வாங்கி, பள்ளியின் உடற்கல்வி ஆசிரியரிடம் நேரில் கொடுத்துவிடுங்கள்.