அட்டர்னி தெரியும், அட்டார்ன் தெரியுமா?

போன மாசம் ஒருத்தர் கிரயப் பத்திரத்தோட ஆபீசுக்கு வந்தார். ரெண்டு கடையோட கட்டடம் வாங்கி அஞ்சு மாசம் ஆச்சு சார், ஒரு கடைக்காரர் வாடகையே தரல, கேட்டா பழைய ஓனருக்கு ஜிபே பண்ணிட்டேன்னு ஸ்கிரீன்ஷாட் காட்றார்னு ஒரே புலம்பல். அட்டார்ன்மென்ட் லெட்டர், அதாவது இனிமே நீங்கதான் ஓனர்னு கடைக்காரர் ஒத்துக்கிட்டு கையெழுத்து போடற லெட்டர், வாங்கினீங்களான்னேன். "அட்டர்னியா? பவர்லாம் இல்ல சார், நேரடி கிரயம்தான்"னார்.

சிரிப்பு வந்துச்சு, ஆனா ரெண்டும் ஒரே வேர்ல வந்த வார்த்தைதான். 'அட்டார்ன்'ங்கறது பழைய பிரெஞ்சுலேர்ந்து இங்கிலீஷுக்கு வந்த வினைச்சொல், ஒருத்தர் பக்கமா திருப்பி விடறதுன்னு அர்த்தம், 'டர்ன்' அதுக்குள்ளயே இருக்கு, இன்னும் பின்னாடி போனா கிரேக்கத்துல கடைசல் பட்டறைக்கான வார்த்தைல போய் நிக்கும். நம்ம வேலைய பாக்கச் சொல்லி திருப்பி விட்ட ஆள்தான் அட்டர்னி.

அந்தக் கால இங்கிலாந்துல ஒரு பிரபு, குடியானவன் உழுதுட்டிருக்கற நிலத்து மேல தனக்கிருந்த உரிமைய வேற ஒருத்தருக்கு வித்தா, அந்தக் குடியானவன் "ஐயா, இனிமே நீங்கதான்"னு ஒத்துக்கணும், அதுதான் அட்டார்ன் பண்றது, அது நடக்காம கைமாத்தம் முழுசாகாது. வாயால சொன்னாலும் சரி, புதுசா வந்தவர் கைல ஒரு பென்னியோ அரை பென்னியோ கொடுத்தாலும் சரின்னு 15ஆம் நூற்றாண்டுல லிட்டில்டன்ங்கற இங்கிலீஷ் ஜட்ஜ் எழுதி வச்சிருக்கார். அரை பென்னி! இப்ப நாம கேக்கறது பத்து மாச அட்வான்ஸ். அப்புறம் 1705ஆம் வருஷ சட்டம் அந்த சம்மதமே தேவையில்லன்னு ஆக்கிடுச்சு.

நம்ம 1882 சொத்து மாற்றுச் சட்டத்துலயும் அதே கதைதான். 109வது பிரிவுப்படி வாடகைக்காரர் ஒத்துக்கலேன்னாலும் ஓனரோட உரிமை வாங்கினவருக்கு வந்துடும். ஆனா கட்டடம் கைமாறினது தெரிய வழியில்லாம அவர் பழைய ஓனருக்கே வாடகை கட்டிட்டா, அதை மறுபடி உங்களுக்குக் கட்டுன்னு கேக்க முடியாது. நம்ம ஆளோட அஞ்சு மாசம் அதுலதான் மாட்டிக்கிச்சு, ஏன்னா கடைக்காரருக்கு யாருமே சொல்லல, அந்தப் பணத்த இனி பழைய ஓனர்கிட்டதான் கேட்டுப் பாக்கணும். இத்தனைக்கும் அந்த அட்டார்ன்மென்ட் நாலு வரி லெட்டர்தான், கிரயத்தன்னிக்கே பழைய ஓனரையும் கூட்டிட்டுப் போய் கையெழுத்து வாங்கியிருக்கலாம்.

இப்பவாவது வாங்கிடலாம்னு லெட்டர் டைப் பண்ணிக் கொடுத்து அனுப்பினேன். கடைக்காரர் படிச்சுப் பாத்துட்டு பேனாவ கைல வச்சுக்கிட்டே கேட்டாராம், "கையெழுத்து போடறேன்ணே, என் அட்வான்ஸ் இப்ப யார்கிட்ட இருக்கு?" பத்திரத்த எடுத்து முதல் பக்கத்துலேர்ந்து படிச்சேன், அட்வான்ஸ் பத்தி ஒரு வரி கூட இல்ல.