கருப்பட்டி ஐஸ்கிரீம் மட்டும் ஏன் முதலில் இளகுகிறது?

புதுச்சேரியில் ஒரு சின்ன ஐஸ்கிரீம் கடை. பாலைக் காய்ச்சுவது, கடைவது, விற்பது எல்லாம் அவர்களே. பத்துப் பன்னிரண்டு வகைதான், வெண்ணிலா கிடையாது. கருப்பட்டி, ஃபில்டர் காபி, உப்பு மிளகாய்த்தூள் போட்ட கொய்யா மூன்றையும் ஒரே தட்டில் வாங்கினேன். பேச்சு சுவாரசியத்தில் கொஞ்ச நேரம் விட்டுவிட்டுப் பார்த்தால் கருப்பட்டி ஓரமெல்லாம் இளகி வழிகிறது, காபி உருண்டை அப்படியே நிற்கிறது. இரண்டும் ஒரே பெட்டியிலிருந்து வந்தவைதானே?

காரணம் தண்ணீர். ஐஸ்கிரீம் கலவையில் பாதிக்கும் மேல் தண்ணீர்தான். சர்க்கரை கரைந்த தண்ணீர் 0 டிகிரியில் உறையாது, மைனஸ் 3 டிகிரி வாக்கில்தான் உறைய ஆரம்பிக்கும். கொஞ்சம் தண்ணீர் ஐஸாகப் பிரிந்ததும் மிச்சம் இருக்கிற பாகு இன்னும் கெட்டியாகும், அது உறைய இன்னும் அதிகக் குளிர் வேண்டும், இப்படியே போய், மைனஸ் 14 டிகிரிப் பெட்டியில் வைத்தாலும் கால்வாசித் தண்ணீர் பாகாகவே இருக்கும். கரண்டி உள்ளே இறங்குவதே அந்தப் பாகினால்தான். சர்க்கரையைக் குறைத்து வீட்டில் செய்தால் கல்லாகிப் போவதும் இதனால்தான்.

உறைநிலை எவ்வளவு இறங்கும் என்பது எத்தனை கிராம் போட்டோம் என்பதைவிட, எத்தனை மூலக்கூறுகள் கரைந்தன என்பதைப் பொறுத்தது. குளுக்கோஸ் மூலக்கூறு சீனியின் மூலக்கூறில் ஏறக்குறையப் பாதி எடைதான், அதனால் அதே எடைக்கு இரண்டு மடங்கு வேலை செய்யும். கருப்பட்டியில் சீனியோடு கொஞ்சம் குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ், தாது உப்புகளும் இருக்கின்றன. சீனிக்குப் பதில் அதே அளவு கருப்பட்டி போட்டால் இளகத்தான் செய்யும்.

கடைக்கார அக்காவிடம் கேட்டேன். "அதை அளவு பிடிக்கவே எனக்கு ரெண்டு மாசம் ஆச்சு தம்பி, முதல்ல பால் வேற திரிஞ்சு போச்சு" என்றார். வெல்லப் பாயசம் வைக்கிற எல்லோருக்கும் தெரிந்த சங்கதி இது, அடுப்பை அணைத்து ஆறிய பிறகுதான் பாலை ஊற்றுவோம். வெல்லமும் கருப்பட்டியும் லேசான புளிப்புத்தன்மை உள்ளவை, சூட்டோடு சேர்ந்தால் பால் புரதம் திரண்டுவிடும்.

காபிக்கு வேறு சிக்கல். டிகாஷன் ஊற்றினால் தண்ணீர் கூடிப்போய் ஐஸ் துகள் பெரிதாகும். அதனால் வறுத்த கொட்டையை உடைத்து இரவு முழுக்க க்ரீமிலேயே குளிரில் ஊறவைத்து வடிகட்டுகிறார். வாசனைப் பொருட்கள் பலவும் கொழுப்பில் நன்றாகக் கரையும், தண்ணீரும் அதிகமாகாது. அந்த ஓர் இரவில் கொழுப்பும் கெட்டிப்படுகிறது. மறுநாள் கடையும்போது கெட்டிப்பட்ட கொழுப்புத் துளிகள் ஒன்றோடொன்று பாதி ஒட்டி, காற்றுக் குமிழிகளைச் சுற்றிச் சாரம் கட்டினாற்போல நிற்கும். காபி உருண்டையைத் தாங்கி நின்றது அந்தச் சாரம்தான். காற்றைக் குறைத்து எண்ண வேண்டாம், ஒரு லிட்டர் ஐஸ்கிரீம் குறைந்தது 525 கிராம் எடை இருக்க வேண்டும் என்கிறது நம் நாட்டு விதி, அப்படியானால் ஏறக்குறையப் பாதி காற்றாகவே இருக்கலாம். இந்தக் கடையின் கிண்ணத்தைத் தூக்கினாலே கனம் தெரிகிறது.

எனக்கு மிகவும் பிடித்தது கொய்யாதான். அதில் பாலே இல்லை, கொய்யாவில் நிறைய இருக்கிற பெக்டின் என்ற நார்ப்பொருள் தண்ணீரைப் பிடித்துக்கொள்வதால் வழவழப்பாக இருக்கிறது. வாயில் வைத்ததும் குளிர்ச்சியும் மணமும் மட்டும், உறைப்பே இல்லை. விழுங்கின பிறகுதான் மெல்ல ஏறுகிறது. மிளகாய்க்கு உறைப்பு தரும் கேப்சைசின் தூண்டுவது, நரம்பில் சூட்டை உணரும் கதவு போன்ற ஒரு புரதத்தைத்தான். 1997-இல் அதைக் கண்டுபிடித்த அமெரிக்க விஞ்ஞானி டேவிட் ஜூலியஸுக்கு 2021-இல் நோபல் பரிசு கிடைத்தது. குளிரில் அந்தக் கதவு அடங்கிக் கிடக்கும், நாக்கு மறுபடி சூடாக ஆகத்தான் திறக்கும். இனிப்பும் அப்படித்தான், குளிர்ந்த நாக்குக்கு மந்தமாகத் தெரியும். உருகிப்போன ஐஸ்கிரீமைக் குடித்தால் திகட்டுவது அதனால்தான்.

கிளம்பும்போது காபியில் அரை லிட்டர் பார்சல் கேட்டேன். எவ்வளவு தூரம் என்று விசாரித்தார், சென்னை என்றதும் தரமாட்டேன் என்றுவிட்டார். வழியில் இளகி வீட்டு ஃபிரிட்ஜில் மறுபடி உறைந்தால், சின்ன ஐஸ் துகள்கள் கரைந்து அந்தத் தண்ணீர் பெரிய துகள்களில் போய்ச் சேரும். துகள் 50 மைக்ரானை (ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு) தாண்டினாலே நாக்கில் நறநறக்கும். "இங்கயே இன்னொண்ணு சாப்பிட்டுட்டுப் போங்க" என்றார், சாப்பிட்டுவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.