தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் ஓடும் படகு

ஆகஸ்ட் முதல் வார இறுதியில் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தின் வாஷிங்டன் ஏரிக்கரையில் போய் நின்றால் முதலில் கண்ணில் படுவது படகு இல்லை, தண்ணீர்தான். ஏரியின் அந்தக் கோடியில் ஐந்து மாடி உயரத்துக்கு ஒரு வெள்ளைச் சுவர் எழும்பி வளைந்து நிற்கும், அதன் முனையில் ஏதோ ஒரு வண்ணப் புள்ளி ஓடிக்கொண்டிருக்கும். அந்தப் புள்ளிதான் ஹைட்ரோபிளேன் என்ற பந்தயப் படகு. கிட்டத்தட்ட 30 அடி நீளம், 3 டன் எடை, நேர்ப்பாதையில் மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் வேகம். பின்னால் எழும்பும் தண்ணீருக்கு இங்கே சேவல் வால் என்று பெயர். பார்த்தால் அப்படித்தான் இருக்கும்.

இந்த வேகம் ஒரு படகுக்கு எப்படி வருகிறது? தண்ணீர் காற்றைவிடச் சுமார் 800 மடங்கு அடர்த்தியானது. இடுப்பளவுத் தண்ணீரில் ஓட முயன்றவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். அதனால் வேகம் வேண்டுமென்றால் படகு தண்ணீரை விட்டு மேலே வந்தாக வேண்டும். குளத்தில் ஓட்டாஞ்சில்லை வீசினால் மூழ்காமல் தத்தித் தத்திப் போகிறதே, அதே சங்கதிதான் இங்கேயும். தட்டையான பரப்பு சின்னச் சாய்வில் வேகமாகத் தண்ணீரில் மோதும்போது தண்ணீர் அதை மேலே தள்ளிவிடுகிறது. ஹைட்ரோபிளேனின் முன்பக்கம் இரண்டு ஓரத்திலும் ஸ்பான்சன் என்கிற இரண்டு பாதங்கள் நீட்டிக்கொண்டிருக்கும். வேகம் பிடித்ததும் அவை இரண்டும் லேசாகத் தண்ணீரை உரசும், நடுவே சுரங்கம் மாதிரி இருக்கும் இடைவெளியில் காற்று புகுந்து படகைத் தாங்கும். பின்பக்கம் முக்கியமாகத் தொடுவது புரொப்பெல்லர்தான், அதுவும் பாதிதான் தண்ணீருக்குள், மீதிப் பாதி வெளியே.

இந்தப் பாதி மூழ்கல்தான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். சாதாரணப் படகில் புரொப்பெல்லரோடு சேர்ந்து அதன் தண்டும் அதைப் பிடிக்கும் பாகங்களும் தண்ணீருக்குள் இழுபட்டுக்கொண்டே வரும், அதெல்லாம் வீண் இழுவை. பின்பக்கத்தையும் தூக்கிவிட்டால் அந்த இழுவை பெருமளவு போய்விடும். தள்ளுவது மட்டுமில்லாமல் படகின் பின்பாரத்தையும் புரொப்பெல்லரே தாங்குகிறது. ஒவ்வோர் இதழும் தண்ணீருக்குள் அடித்து இறங்கி வெளியே வரும்போது வாரி இறைப்பதுதான் அந்தச் சேவல் வால். பந்தயத்துக்குப் படகுகளைத் தயார்செய்யும் பிட் பகுதிக்குள் போய் ஒரு புரொப்பெல்லரைக் கிட்டத்தில் பார்த்தேன்: கண்ணாடி போலப் பளபளக்கும் மூன்று இதழ்கள், விளிம்பு அரிவாள்மணை மாதிரி. இத்தனை சின்ன உலோகத் துண்டா 3 டன்னைத் தள்ளுகிறது என்று கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டேன். அங்கே படகை கிரேனில் தூக்கித்தான் தண்ணீரில் இறக்குவார்கள், அப்போது அடிப்பக்கம் முழுசாகத் தெரியும். ஏரியில் அது ஓடும்போது பார்க்க முடியாததெல்லாம் அந்த ஒரு நிமிஷத்தில் புரிந்துவிடும்.

இந்த வடிவத்தைச் சரியாகப் பிடித்துக் காட்டியது ஸ்லோ-மோ-ஷன் 4 என்ற சியாட்டில் படகு. வடிவமைத்தவர் டெட் ஜோன்ஸ், கட்டியவர் ஆங்கர் ஜென்சன், உரிமையாளர் ஸ்டான்லி சேயர்ஸ். 1939-இல் இங்கிலாந்தில் மால்கம் கேம்ப்பெல் வைத்த உலக சாதனை மணிக்கு 228 கிலோமீட்டர். 1950 ஜூன் 26 அன்று இதே வாஷிங்டன் ஏரியில் இந்தப் படகு 258 கிலோமீட்டரைத் தொட்டது. அதே வருடம் டெட்ராய்ட் போய் இந்த விளையாட்டின் பெரிய கோப்பையான கோல்டு கப்பையும் வென்று வந்தது. ஜெயித்த படகின் ஊரில்தான் அடுத்த பந்தயம் என்ற வழக்கம் அப்போது இருந்ததால், 1951-இல் கோப்பைப் பந்தயம் சியாட்டிலுக்கே வந்துவிட்டது.

அப்புறம் ஊருக்கே பைத்தியம் பிடித்தது. அந்தக் காலத்தில் சியாட்டிலில் பெரிய தொழில்முறை விளையாட்டு அணி ஒன்றுகூடக் கிடையாது, கூடைப்பந்து அணி வந்ததே 1967-இல்தான். எங்களூர் அணி என்று சொல்லிக்கொள்ள இருந்தது படகுதான். உள்ளூர்த் தொலைக்காட்சி பந்தயத்தை நேரலையாகக் காட்டியது, சிறுவர்கள் பலகையில் குட்டி ஹைட்ரோ செய்து சைக்கிளுக்குப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு தெருத்தெருவாக ஓடினார்கள்.

இன்னொரு காரணம் சத்தம். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் போர் விமானங்களுக்காகச் செய்த அலிசன், ரோல்ஸ்-ராய்ஸ் மெர்லின் எஞ்சின்கள் மலிவாகக் கிடைத்தன. பன்னிரண்டு சிலிண்டர், 27, 28 லிட்டர் கொள்ளளவு. அதைப் படகில் வைத்து முழு வேகத்தில் ஓட்டினால் சத்தம் காதுக்குப் போகாது, நேரே நெஞ்சுக்குப் போகும். இடிப் படகுகள் என்ற பெயர் சும்மா வரவில்லை.

ஆனால் வேகம் கூடக்கூட ஓர் ஆபத்தும் கூடிக்கொண்டே வந்தது. ஓடும் பேருந்தின் ஜன்னலுக்கு வெளியே உள்ளங்கையைப் படுக்கையாக நீட்டி, விரல் நுனியை லேசாக மேலே சாய்த்தால் கை தானாகத் தூக்கிக்கொள்ளும். ஹைட்ரோபிளேனும் அப்படித்தான். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் தூக்கு விசை நான்கு மடங்காகும். ஒரு அலையோ, எதிர்க்காற்றோ முன்மூக்கைச் சற்று உயர்த்திவிட்டால் சாய்வு கூடும், சாய்வு கூடினால் விசை கூடும், விசை கூடினால் இன்னும் சாய்வு. ஒரு கட்டத்துக்கு மேல் படகு அப்படியே எழும்பிப் பின்பக்கமாகக் குட்டிக்கரணம் போட்டுவிடும். இந்த விளையாட்டின் மிகப் பெரிய ஓட்டுநரான பில் மன்சி 1981-இல் மெக்சிகோவின் அகபுல்கோவில் இப்படித்தான் இறந்தார். அடுத்த வருடமே டீன் செனவெத் கொலம்பியா ஆற்றில்.

அதற்குப் பிறகுதான் ஓட்டுநரைச் சுற்றி எஃப்-16 போர் விமானத்தின் கண்ணாடிக் கூண்டு வந்தது, படகு கவிழ்ந்தால் வெளியேற அடிப்பக்கம் ஒரு கதவு, மூச்சுவிட ஆக்சிஜன். முன்னால் இருக்கும் சின்ன இறக்கையைக் காலால் மிதித்துச் சாய்த்து மூக்கைக் கீழே வைத்துக்கொள்ளவும் முடிகிறது. அதன்பிறகு அதே மாதிரி தலைகீழாகப் போன பலர் தாங்களே எழுந்து நடந்து வந்திருக்கிறார்கள். இதைவிடப் பெரிய முன்னேற்றம் இந்த விளையாட்டில் வேறு எதுவும் இல்லை என்பேன்.

அதே காலத்தில் எஞ்சினும் மாறியது. பழைய விமான எஞ்சின்களும் உதிரிபாகங்களும் தீர்ந்துகொண்டே வர, சினூக் ஹெலிகாப்டரின் டர்பைன் எஞ்சின் அந்த இடத்துக்கு வந்தது. சுமார் 3,000 குதிரைத்திறன், எடை குறைவு, அடிக்கடி வெடிப்பதில்லை. ஆனால் அது இடிக்காது, விசில் மாதிரி கீச்சிடும். ஓட்டுநரின் முகமும் கூண்டுக்குள் போய்விட்டது. இதற்குள் ஊரில் பேஸ்பால் வந்தது, அமெரிக்கக் கால்பந்து வந்தது. 2003-இல் அணி உரிமையாளர் பெர்னி லிட்டில் இறந்தார், அடுத்த வருடத்தோடு பீர் நிறுவனத்தின் பெயர் தாங்கிய அவருடைய மிஸ் பட்வைசர் அணியும் விடைபெற, பெரிய விளம்பரப் பணமும் போனது. இப்போது ஒரு பருவத்தில் ஐந்தாறு ஊர்களில்தான் பந்தயம். சியாட்டில் கரைக்கு வருகிறவர்களில் பலர் கடற்படையின் விமான சாகசத்தைப் பார்க்கவே வருகிறார்கள். எனக்கு அது வருத்தம்தான்.

ஆனாலும் இண்டியானாவில் மாடிசன் என்ற சின்ன ஊர் இருக்கிறது, ஒஹையோ ஆற்றங்கரையில். அந்த ஊரே சேர்ந்து சொந்தமாக ஒரு படகு வைத்திருந்தது, 1971-இல் சொந்த ஆற்றிலேயே பணக்கார அணிகளை எல்லாம் தோற்கடித்து கோல்டு கப்பை ஜெயித்தது. அங்கே இன்றும் பந்தயம் நடக்கிறது.

போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன், வளைவுக்குப் பக்கத்தில் இடம் பிடியுங்கள். படகு எப்போதும் இடப்பக்கம்தான் திரும்பும். இடது ஸ்பான்சனில் தொங்கும் ஓர் உலோகத் துடுப்பு தண்ணீரில் இறங்கிப் பிடித்துக்கொள்ள, அதைப் பற்றிக்கொண்டு அத்தனை பாரமும் வளையும், தண்ணீர் தகடு மாதிரி பக்கவாட்டில் பீய்ச்சும். அப்புறம் பந்தயங்களுக்கு நடுவே, பக்கத்து ஊரான கென்ட்டில் இருக்கும் ஹைட்ரோபிளேன் அருங்காட்சியகத்தார் புதுப்பித்த பழைய படகுகளைத் தண்ணீரில் இறக்குவார்கள். நான் போன அன்று ஒரு பழைய எஞ்சின் இரண்டு முறை இருமி, கருப்புப் புகை கக்கி, மூன்றாவது முறை பிடித்துக்கொண்டது. அதுவரை நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடியிருந்த பக்கத்துப் பெரியவர் எழுந்து நின்று, அந்தப் படகு ஏரியைச் சுற்றி வந்து எஞ்சினை அணைக்கும்வரை உட்காரவே இல்லை.